இந்த வருசத்து அம்மணி

ஃபிளெக்ஸ் பேனரை மேசைமேல் விரித்தால் அது சுருண்டு சுருண்டு எழுந்தது. அருணகிரி சில்லி சிக்கன் தட்டைத் தூக்கி ஒரு மூலையில் வைத்தான். இன்னொரு மூலையில், வெற்றிலை எச்சில் துப்புகிற பிளாஸ்டிக் டம்ளரை வைத்தான். பேனர் அடங்கிப் படுத்தது. தட்டின் விளிம்பிலிருந்து சிவப்பு எண்ணெய் மெல்ல வழிந்து பேனரில் இருந்த ஜெயபிரகாஷின் காதருகே போய் நின்றது.

மணியன் அந்த எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். செத்து ஒரு வருடம் ஆகப்போகிற, தங்கை சித்ராவின் புருஷனுடைய முகத்தை நேராகப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

"என்னடா மணியா, ஒண்ணும் சொல்லக் காணோம்? உன்ற மாப்பிள்ளைக்குத்தான் இவ்வளவு செய்யறோம்" என்றான் அருணகிரி. விரலில் ஒட்டிய மசாலாவை நக்கிக்கொண்டே சொன்னான்.

சங்ககிரி பைபாஸை ஒட்டி அருணகிரிக்கு லாரி ஆபீஸ். ஒன்பது வண்டி ஓடுகிறது. அந்த ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக லோடு கணக்கு எழுதுகிறவன் மணியன். கையெழுத்து அச்சுப் போலிருக்கும். அதனாலேயே ஐந்து வருடத்துக்கு முன்னால் இவர்கள் ஒரு மலையேற்றக் குழு ஆரம்பித்தபோது, என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதுகிற வேலை அவன் தலையில் விழுந்தது. வருடம் ஒரு முறை, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்னே வேனில் ஏறி, நீலகிரிப் பக்கம் கரடிமுடி என்கிற மலைக்குப் போய், ஏறி, இறங்கி, அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். ஆயிரம் அடி உயரத்தில் தூங்கி எழுந்தவர்கள் மதியத்துக்குள் எட்டாயிரம் அடியில் நிற்பார்கள்.

பேனரில் ஜெயபிரகாஷ் நடுவில் இருந்தான். அவனைச் சுற்றி வட்ட வட்டமாக ஏழு பேர் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்தார்கள். 'மலையில் மறைந்த மாவீரன் முதலாமாண்டு நினைவு மலையேற்றம்' என்று தங்க எழுத்து. அருணகிரியின் படம் மற்றவர்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது. டயர் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவனை மாவீரன் ஆக்கியாயிற்று. உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் அவனை என்னவென்று கூப்பிட்டன என்பது மணியனுக்குத் தெரியும். நாக்கு அடியில் புளித்தது.

"ரெண்டு பேனருங்க" என்றான் சரவணக்குமார். கீழே ஸ்பேர் பார்ட்ஸ் கடை அவனுடையது. குழுவில் வயது குறைந்தவன். "ஒண்ணு உச்சியில கட்டறோம். ஒண்ணு நாளைக்குக் காலையில சித்ராக்கா ஊட்டு முக்குல. அக்கா கதவத் தொறந்தா மாமன் மொகத்துலதான் முழிப்பாங்க."

"போட்டோ எங்க புடிச்சீங்க?" மணியன் கேட்டான்.

"கடைசிப் போட்டோ அண்ணா அது. மலையில எடுத்தது."

மணியன் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். முகம் சரிதான். கண்களில் ஏதோ கோளாறு. அகல விழித்துக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல், கடை பொம்மைக்கு ஒட்டியது போல. கழுத்தோரம் ஒரு சிவப்பு விளிம்பு ஓடியது.

"கண்ணு மூடியிருந்துச்சுங்க. டிசைன் பண்றவன் ஃபோன்லயே தொறந்து வெச்சுட்டான். இப்பெல்லாம் அதுக்கு ஆப்பு இருக்குது" என்றான் சரவணக்குமார். "கழுத்துல கெடந்ததைத் துண்டுன்னு நெனச்சு அப்படியே உட்டுட்டான். பாக்கறதுக்கு மருவாதியாத்தான் இருக்குதுங்க."

அந்தச் சிவப்பு விளிம்பு துண்டல்ல. மணியன் மகள் இலக்கியா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன துப்பட்டா. இந்தப் படம் எடுக்கப்பட்டபோது ஜெயபிரகாஷுக்கு உயிர் இருந்ததா இல்லையா என்று இந்த அறையில் ஒருவனுக்கும் தெரியாது.

துப்பட்டாக் கதையைத் தொடங்கிவைத்தவனே மணியன்தான். முதல் வருடம் ஏறும்போது சோற்றுப் பாத்திரத்தைப் பழைய துப்பட்டாவில் மூட்டை கட்டிக் கொண்டுபோயிருந்தான். பாதி மலையில் ஒருத்தன் உட்கார்ந்து, "முடியலீங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றான். மணியன் பாத்திரத்தை அவிழ்த்து, துப்பட்டாவை அவன் தோளில் போட்டு, "சரி, அம்மணி இங்கயே இருங்க, நாங்க போயிட்டு வாரோம்" என்றான். மலை அதிரச் சிரித்தார்கள். அருணகிரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. முதலாளியை இப்படிச் சிரிக்கவைத்தோமே என்று மணியனுக்கு அன்றைக்குப் பெருமை கூட. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது தன் நாக்கையே வழித்து எறியத் தோன்றியது.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. மலையில் யார் வாயிலிருந்து 'முடியல' என்ற சொல் வருகிறதோ அவன்தான் அந்த வருசத்து அம்மணி. துப்பட்டாவைப் போட்டுக்கொண்டே வேன் வரை இறங்க வேண்டும். அந்தப் படம் அடுத்த மாசி வரை வாட்ஸாப் குரூப்பின் முகப்பில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மணி ஆனவன் ஜெயபிரகாஷ். படம் குரூப்போடு நிற்கவில்லை. லாரி டிரைவர்கள் ஃபோனுக்கெல்லாம் போயிற்று. டயர் மாற்ற வருகிறவன் எல்லாம், "அம்மணி, காத்து அடிக்கோணும்ங்க" என்று ஒரு வருடம் கூப்பிட்டான். அவனும் சிரித்துக்கொண்டேதான் காற்று அடித்தான்.

அதனால்தான் போன வருடம் அவன் சொல்லவில்லை.

மணியன் அதை யாரிடமும் பேசியதில்லை. உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம் இருந்தது. வழிகாட்டி முன்னால் போகிறவர்களோடு போய்விட்டான். ஜெயபிரகாஷைக் காணோமே என்று மணியன் மட்டும் திரும்பி இறங்கிப் பார்த்தான். ஒரு பாறைக்குப் பின்னால் ஜெயபிரகாஷ் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். உதடு நாவல்பழம் தின்றது போலிருந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், சொல்லிராதீங்க. போன வருசம் பட்டதே போதும். சித்த உக்கோந்துட்டு வந்தர்றேன்" என்றான். மணியன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். வாந்தியின்மேல் காலால் மண் தள்ளினான். பிறகு ஏறிப் போய்விட்டான். மேலே அருணகிரி கேட்டதற்கு, "ஒண்ணுக்குப் போயிருக்காப்ல" என்றான்.

உச்சியில் நின்று படம் எடுத்து, கட்டுச்சோறு தின்று, இறங்கி வந்தபோது ஜெயபிரகாஷ் அதே பாறையில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்தான். "அம்மணி தூங்குது பாருங்கடா" என்று அருணகிரி மணியனின் பையிலிருந்து துப்பட்டாவை உருவி அவன் கழுத்தில் சுற்றிப் படம் எடுத்தான். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அவன் உதட்டோரம் உட்கார்ந்த ஈ எழுந்து போகவே இல்லை என்று யாரோ கவனித்தார்கள்.

சித்ராவிடம் மணியன் வேறு கதை சொன்னான். "நல்லாப் பேசிட்டே வந்தாப்ல. நெஞ்சப் புடிச்சாப்ல. அவ்வளவுதான். ஒரு நொடி" என்றான். அவள் அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம், "கஷ்டப்படாமப் போயிட்டாருங்க, அது ஒண்ணுதான்" என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மணியன் எழுந்து வெளியே போய்விடுவான்.

"சரி, பட்டியலப் படி" என்றான் அருணகிரி.

மணியன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். இந்த வருடம் அவன் எழுதியது வேறு மாதிரி. வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டிருந்தான். டாக்டரிடம் கேட்டிருந்தான். ஃபோனில் கிடைத்ததை எல்லாம் படித்திருந்தான். ஒரு வருடம் முன்னால் கேட்டிருந்தால் உதவியிருக்கும்.

"முந்தின நாளே போயி, பாதி உசரத்துல ஒரு ராத்திரி தங்கோணுங்க. ஒடம்பு அந்தக் காத்துக்குப் பழகோணும்."

"ரூம் போட்டுத் தங்குனா அது டூருடா. பொண்டு புள்ளைகளக் கூட்டிட்டுப் போறது. அடி அதை."

"எல்லாருமே ஒரு தடவை நெஞ்சு டெஸ்ட்டு..."

"போன வாரம் எல்லாரும் சங்ககிரிக் கோட்டை ஏறுனமா இல்லையா? கோட்டையே ஏறியாச்சு, அப்பறம் என்ன டெஸ்ட்டு?" பல்லிடுக்கில் சிக்கிய நாரைக் குச்சியால் எடுத்து, பார்த்து, மறுபடி வாயிலேயே போட்டுக்கொண்டான் அருணகிரி. கோட்டை ஏறியவன் எந்த மலையும் ஏறுவான் என்பது இவர்களுடைய வேதவாக்கு. ஜெயபிரகாஷ் பதினாறு தடவை கோட்டை ஏறியவன்.

"மெதுவா நடக்கறவர் முன்னால போகோணுங்க. மத்தவங்க அவருக்குப் பின்னால. ஒரு மணி அடிச்சா, உச்சி கைக்கெட்டுற தூரத்துல இருந்தாலும் திரும்பிரோணும். தலை வலிச்சாலோ வாந்தி வந்தாலோ அப்பவே கூட ஒருத்தர் போயி எறக்கிட்டு வந்தரோணும்."

"இதென்னடா ஆஸ்பத்திரிக்கா போறோம்?" அருணகிரி சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். "ஏன்டா மணியா, நீ மலைக்குப் பட்டியல் எழுதுனியா, இல்ல பிரசவத்துக்கா?"

அந்தச் சிரிப்பின் நடுவில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டு, நின்றுவிட்டது. மணியன் உட்கார்ந்த இடத்திலிருந்து படி தெரியும். பாலசுந்தரம் வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். ஜெயபிரகாஷுக்குப் பதிலாகக் குழுவில் புதிதாகச் சேர்த்தவன். நாற்பத்தேழு வயது. மொத்தம் பதினெட்டுப் படி. பத்தாவது படியில் நின்று ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முக்கியமான செய்தி ஏதோ வந்தது போல நெற்றியைச் சுருக்கினான். மேலிருந்து பார்த்த மணியனுக்கு ஃபோன் திரை கறுப்பாக இருந்தது தெரிந்தது. மூச்சு வாங்கியதில் ஃபோன் பிடித்த கை ஏறி ஏறி இறங்கியது. போன வாரம் கோட்டையிலும் இப்படித்தான். செருப்பு வார் அறுந்துவிட்டதென்று கீழ் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். வார் அறுந்திருக்கவில்லை.

பாலசுந்தரம் ஒரு வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு ஃபோனுங்க, அதான் லேட்டு" என்றான். சட்டைப் பையில் மாத்திரை அட்டையின் வெள்ளி முனை தெரிந்தது. மணியன் பார்ப்பதைப் பார்த்து அதை விரலால் உள்ளே தள்ளினான். தள்ளிவிட்டு மணியனின் கண்ணைப் பார்த்தான். சொல்லிராதீங்க என்று அந்தக் கண் சொன்னது. பாறைக்குப் பின்னால் பார்த்த அதே கண்.

"பாலு, ஏறிருவியா?" என்றான் அருணகிரி.

"என்னங்ணா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? ஓடியே ஏறுவேன்."

"அதான் பேச்சு. இல்லீன்னா இந்த வருசத்து அம்மணி நீதான். புதுப்பொண்ணு வேற, அலங்காரம் பண்ணிருவோம்." அருணகிரி பேனர்மேல் கையூன்றி எழுந்து, டம்ளரில் துப்பினான். ஒரு துளி தவறி ஜெயபிரகாஷின் நெற்றியில் விழுந்தது. உள்ளங்கையால் துடைத்தான், நெற்றி முழுக்கச் சிவப்பாக இழுகியது. "ஆமா மணியா, பட்டியல்ல துப்பட்டாவைக் காணோமே?"

மணியனுக்கு அப்போது அருணகிரியிடம்கூட அருவருப்பு வரவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்; எச்சில் துப்புகிறவனுக்குத் துப்பத்தானே தெரியும். தன் வாய்தான் நாறியது. இருபத்திரண்டு வருடமாக ஆமாங்க ஆமாங்க என்று ஊறிப் போன வாய். ஒண்ணுக்குப் போயிருக்காப்ல என்று சொன்ன வாய். இன்றைக்கும் அதை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாலசுந்தரம் ஏதோ ஒரு பாறைக்குப் பின்னால் குனிவான். அடுத்த மாசியில் இந்த மேசைமேல் அவன் விரிந்து கிடப்பான், கண் திறந்து.

அவன் எழுந்து பீரோவைத் திறந்தான். போன வருடத்துப் பை அப்படியே அடித்தட்டில் கிடந்தது. துப்பட்டாவை எடுத்தான். துவைக்கவில்லை. காய்ந்த வாந்தியின் புளித்த வாடை, ஒரு வருடப் பூஞ்சையோடு சேர்ந்து அறைக்குள் பரவியது. சரவணக்குமார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "துவைச்சு வெக்கறதில்லீங்களாண்ணா?" என்றான்.

மணியன் அதைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டான்.

"முடியல" என்றான்.

அருணகிரி மேசையைத் தட்டிச் சிரித்தான். "தரையிலயே அம்மணி ஆயிட்டாப்லடா! வேனே இன்னும் வரல!"

"போன வருசம் சொல்லியிருக்கோணுங்க. மாப்பிள்ளை வாந்தி எடுத்தாப்ல. நான் பாத்தேன். உதடு நீலம் பாஞ்சு கெடந்துச்சு. சொல்லாதீங்கன்னாப்ல. நான் சொல்லல. எதுக்கு? இந்தத் துணிக்குப் பயந்துட்டு. அவரு போட்டுக்கப் பயந்தாரு, நான் உங்க சிரிப்புக்குப் பயந்தேன். ஒண்ணுக்குப் போயிருக்காப்லன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு உச்சியில நின்னு சோறு தின்னேன்."

சிரிப்பு ஒவ்வொரு முகமாக நின்றது. அருணகிரி முகத்தில் மட்டும் கடைசியாக. அவன் உட்கார்ந்தான். நாக்கால் பல்லைத் துழாவினான்.

"அப்ப நீதான்டா கொன்னிருக்க" என்றான்.

"நானுந்தானுங்க."

"என்ன 'உந்தான்'?"

"பேனரப் பாருங்க, தெரியும்."

யாரும் பேனரைப் பார்க்கவில்லை. ஒருத்தன் தட்டை எடுக்கப் போனான், கையைப் பின்வாங்கிக்கொண்டான். சரவணக்குமார் பழக்க தோஷத்தில் ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தான். சட்டென்று தாழ்த்தினான்.

"எடு சாமி" என்றான் மணியன். "எடுத்துக் குரூப்புல போடு. அடுத்த மாசி வரைக்கும் என்ற மூஞ்சி இருக்கட்டும்."

"அந்தத் துணியோட ஆபீஸ விட்டு எறங்குனா, அப்படியே போக வேண்டியதுதான். நாளைக்கு லோடு எழுத வேற ஆளு வருவான்" என்றான் அருணகிரி. குரலில் வழக்கமான முரட்டுத்தனம் இருந்தது. கண் மட்டும் பேனர் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்தது.

"செரிங்க."

மணியன் தட்டையும் டம்ளரையும் எடுத்து ஓரமாக வைத்தான். பேனர் தானாகச் சுருண்டது. அதையும் பக்கத்தில் கிடந்த இன்னொரு பேனரையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எண்ணெய் சட்டையில் பட்டது.

வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து, "மணியண்ணா" என்று கூப்பிட்டான் பாலசுந்தரம். எழுந்து நின்றிருந்தான். மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கையில் வைத்திருந்தான். முகம் வேர்த்திருந்தது. சிரிக்கப் பார்த்தான்.

"ஏனுங்ணா, அந்தத் துணி ரெண்டு பேருக்குப் பத்துமுங்களா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"பத்தும், வா" என்றான் மணியன்.

படியில் பாலசுந்தரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். பத்தாவது படியில் நின்றான், ஃபோனை எடுக்கவில்லை. மணியனும் நின்றான். கீழே வந்ததும் பாலசுந்தரம், "ஊட்ல சொல்லிர்றேங்க. அவளுக்கும் இந்த மாத்திரை சங்கதி தெரியாது" என்று பட்டறையைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தான்.

மணியன் பைபாஸைக் கடந்தான். டீக்கடையில் நின்ற டிரைவர்கள் பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். "மணியண்ணா, இந்த வருசம் நீங்களா?" என்றான் இன்னொருவன். ஆமாம் என்று தலையாட்டினான். இந்தப் பேச்சு பொழுது சாய்வதற்குள் டயர் கடை வரை வந்துவிடும். பத்து வாய் மாறி வந்து சித்ரா காதில் விழுவதற்குள், முதல் வாய் தன்னுடையதாக இருக்க வேண்டும். வெயில் முகத்தில் அடித்தது. துப்பட்டாவின் வாடை மூக்குக்குள்ளேயே இருந்தது. அவிழ்க்கவில்லை.

டயர் கடை பூட்டிக் கிடந்தது. பின்பக்கம்தான் வீடு. சித்ரா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்ணா இது கோலம்? இலக்கியா துப்பட்டாதான அது? கக்கத்துல என்ன?"

அவன் பதில் சொல்வதற்குள் அவளே ஒரு பேனரை உருவிப் படியில் விரித்தாள். சுருண்டு எழுந்த மூலையை முழங்காலால் அழுத்திக்கொண்டாள். நெற்றியில் இழுகியிருந்த எச்சில் கறையைத் தன் முந்தானையால் துடைத்தாள். அது என்ன கறை என்று மணியனால் சொல்ல முடியவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். கழுத்தோரச் சிவப்பைப் பார்த்தாள். அண்ணன் கழுத்தைப் பார்த்தாள்.

"இது அவரு கண்ணு இல்லீங்ணா" என்றாள்.

"இல்ல."

"அப்பறம்?"

மணியன் துப்பட்டாவோடு அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். "ஒரு நொடியில போயிட்டாப்லன்னு சொன்னேன் பாரு சாமி" என்று ஆரம்பித்தான். "அது பொய்."